பதினோராம் மாடி லிஃப்ட்

பார்சல் வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்த நாளிலிருந்து சிஸ்டரம்மா அந்த மேஜையில் சாப்பிடவில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டார். எதிரே ஒருத்தர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்போது நாம் மட்டும் எப்படி மென்று விழுங்குவது?

நரம்பு வார்டில் ஹெட் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் ஊசி போட்டால் நோயாளிக்குத் தெரியாது என்பது சாதாரணப் புகழ். ஊசிக்கே தெரியாது என்பதுதான் உண்மை. நடையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் பெரிய டாக்டர்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். கோமாவில் கிடந்த ஒருவர் போர்வையை இழுத்து ஒழுங்காக மூடிக்கொண்டார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு சின்னப் பார்சலின் டேப்பைக் கிழிக்கத் தெம்பில்லை.

தெம்பும் இல்லை, உரிமையும் இல்லை. பார்சலின்மேல் மருமகளின் பெயர் அச்சிட்டிருந்தது. மருமகள் இந்த வீட்டில் இப்போது இல்லை. கோர்ட்டில் கையெழுத்தாகி, மருமகளாகவும் இல்லை. பல மாதங்களுக்கு முன்னால், எல்லாம் நன்றாக இருந்த காலத்தில், முன்பதிவு செய்து வைத்த புத்தகம் அது. அந்தப் பார்சலுக்கு வீட்டில் நடந்தது எதுவும் தெரியாது. சொன்ன தேதிக்குச் சொன்ன விலாசத்துக்கு வந்து நின்றுவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது என்பது சிஸ்டரம்மாவுக்கு எக்ஸ்ரே எடுக்காமலே தெரியும். லிஃப்ட் கதையின் கடைசிப் பாகம்.

லிஃப்ட் கதை என்பது இங்கிலீஷில் வருகிற ஒரு ஜப்பானிய காமிக்ஸ். மாங்கா என்பார்கள். அதிலும் இது பி.எல். வகை, அதாவது ஆணும் ஆணும் காதலிக்கிற கதை. ஒருவன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். கழுத்தை வளைத்தால்தான் கட்டத்துக்குள் அடங்குவான், அத்தனை உயரம். இன்னொருவன் பதினோராம் மாடியில் தனியாகக் குடியிருந்து, வாஷிங் மெஷினோடு வரும் விளக்கப் புத்தகங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். மூக்கு நுனியில் கண்ணாடி. அவர்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. மாமியாரும் மருமகளும் அந்தப் பெயர்களை முதல் பாகத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டு, நெட்டை, கண்ணாடி என்று வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கூட்டு ஆரம்பித்ததே ஒரு வைத்திய விசாரணையில்தான்.

மருமகள் வந்த புதுசு. ஒருநாள் மதியம் சோபா மெத்தையைத் தட்டிப் போடும்போது அடியிலிருந்து முதல் பாகம் கீழே விழுந்தது. சிஸ்டரம்மா எடுத்து, நாம் எல்லோரும் எப்படிப் புத்தகத்தைத் திறப்போமோ அப்படித் திறந்தார். முதல் பக்கத்திலேயே இரண்டு பேர் நின்றுபோன லிஃப்டுக்குள் தரையில் உட்கார்ந்து, ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் இல்லாத லிஃப்டுக்குள் எந்தக் கடையிலிருந்து வந்ததோ, காற்றெல்லாம் பூ. அடடா என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க அந்தப் பிள்ளைகளுக்கு என்னவோ ஆகிக்கொண்டே போனது. ஒரே குடையில் நடந்தவர்கள் சண்டை போட்டார்கள். சண்டை போட்டவர்கள் முகம் பார்த்துப் பேசக் கூசினார்கள். பேச்சும் சரியில்லை, ஒருவன் ஆமாம் என்று சொல்லி முடித்த பிறகு மற்றவன் கேள்வி கேட்டான். நரம்பு வார்டில் அப்படிப் பேசுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். கடைசிப் பக்கத்தில் நெட்டை அழைப்பு மணியை அடிக்கிறான், கண்ணாடி கதவைத் திறந்து, "யார் நீங்க?" என்று கேட்கிறான். அதோடு புத்தகம் முடிந்துவிட்டது.

மருமகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இந்தக் கண்ணாடிப் பையனை ஏன் இன்னும் டாக்டர்கிட்ட காட்டல?"

"எந்தப் பையன் அத்தை?"

சிஸ்டரம்மா புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். மருமகளின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆயிற்று. "அத்தை... அது... அது வந்து, சும்மா ஒரு..."

"இந்த வயசுல இப்படி மறதி வரக்கூடாதும்மா. முதல்ல தோள்ல சாஞ்சு தூங்கறான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விலகிப் போறான். கடைசில யார் நீங்கன்னு கேக்கறான்! அந்த நெட்டையன் மூஞ்சியைப் பாரு. டூல் பாக்ஸைத் தூக்கிட்டு வாசல்ல நிக்கறான், பாவி மகன், ஒரு வார்த்தை பேசாம." அவர் குரல் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தும் உடையாத குரல்.

மருமகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒற்றைச் செருப்போடு நின்றாள்.

"அத்தை, நீங்க திருப்பிப் படிச்சிருக்கீங்க. இதை வலது பக்கத்திலேருந்து ஆரம்பிக்கணும். ஜப்பான்ல அப்படித்தான்."

"அப்படின்னா?"

"யார் நீங்கங்கறதுதான் ஆரம்பம். அன்னைக்குத்தான் சந்திக்கறாங்க. சாஞ்சு தூங்கறது கடைசில."

"பையனுக்கு மறதி இல்லியே?"

"இல்ல."

"நரம்பு?"

"கல்லு மாதிரி இருக்கு அத்தை."

சிஸ்டரம்மா மூச்சு விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையை மறுபடி உற்றுப் பார்த்தார். "ரெண்டும் ஆம்பளைப் பசங்க."

"ஆமா அத்தை," என்றாள் மருமகள், தண்டனையை எதிர்பார்க்கிற குரலில்.

"அதைக் கேக்கலம்மா, எனக்கே தெரியுது. நான் வேலை பார்த்தது நரம்பு வார்டுலதான், கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல. இது லவ்வுதானே?"

"லவ்வுதான்."

"அப்ப அடுத்த பாகம் எங்க வெச்சிருக்க?"

அதற்குப் பிறகு சனிக்கிழமை மதியம் என்றால் அந்த வீட்டுச் சோபாவை யாரும் நெருங்க முடியாது. வலது பக்கம் மருமகள், இடது பக்கம் மாமியார், நடுவில் புத்தகம். கதை வலமிருந்து இடமாக வருவதால் எல்லாம் முதலில் மருமகளுக்கு நடக்கும், பிறகுதான் மாமியாருக்கு. மருமகள் மூச்சை இழுத்துப் பிடித்தாலே அடுத்த கட்டத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியின் வசனம் மருமகளுக்கு, நெட்டையின் வசனம் சிஸ்டரம்மாவுக்கு. நெட்டை கூச்ச சுபாவக்காரன். ஆனால் அவர் வாயில் அவன் ஆஸ்பத்திரி நடையில் ஸ்ட்ரெச்சரை ஒதுக்கச் சொல்கிற குரலில்தான் காதலித்தான். "உங்க... லிஃப்ட்... சரியாயிடுச்சு!" என்று அவர் முழங்கினால் மேல் வீட்டில் பாத்திரம் விழும்.

ஒரு பாகம் முழுக்கச் சட்டைக் கை மட்டுமே வரும். நெட்டையின் சட்டைக் கையில் நூல் ஒன்று பிரிந்திருக்கும். கண்ணாடி அதைப் பிடுங்கிவிடலாமா என்று பார்ப்பான். பார்ப்பான், பார்ப்பான், இந்தப் பக்கம் பார்ப்பான், அந்தப் பக்கம் பார்ப்பான். விரல் கிளம்பும். பக்கம் திரும்பும். விரல் பாதி வழியில் இருக்கும். "போடா, போய்த் தொடுடா!" என்று சிஸ்டரம்மா சோபாவில் குத்துவார். மனித உடம்பில் அவர் கை படாத இடம் கிடையாது. கழுவியிருக்கிறார், புரட்டியிருக்கிறார், தைத்த இடத்தைத் துடைத்திருக்கிறார். உடம்பில் இனித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று வேலையை விட்டு வந்தவருக்கு, ஒரு நூல் பிரிந்த சட்டைக் கை நெஞ்சைப் பிசைந்தது.

"ஒண்ணும் நடக்கல, ஆனா எனக்கு பி.பி. ஏறுது பாரு," என்று கையை நீட்டுவார். மருமகள் நாடியைப் பிடித்து, "ஆமா அத்தை, டும்டும்னு ஓடுது," என்பாள்.

ஐந்தாம் பாகத்தில்தான் குண்டு விழுந்தது. பதினோராம் மாடி லிஃப்ட் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது? நெட்டை ஒவ்வொரு முறையும் ரிப்பேரை முடித்துவிட்டு, ஒரே ஒரு ஸ்க்ரூவை மட்டும் முழுசாக முடுக்காமல் விட்டுவிட்டுப் போகிறான். அடுத்த வாரமும் கூப்பிட வேண்டுமே! அதைப் படித்த அன்று சிஸ்டரம்மா எழுந்து ஹாலை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். "திருட்டுப் பயல்," என்றார் பெருமையாக, பெற்ற பிள்ளை பரிசு வாங்கினது மாதிரி.

பெற்ற பிள்ளை சில சமயம் கதவோரம் எட்டிப் பார்ப்பான். "அப்படி என்னம்மா படிக்கறீங்க ரெண்டு பேரும்?"

"மெடிக்கல் புக்குடா."

"மெடிக்கல் புக்குல எதுக்கும்மா பூ பறக்குது?"

"மகப்பேறு வார்டு. நீ போ."

ஒருவரை விட்டு ஒருவர் திறக்கக் கூடாது. அதுதான் சோபாச் சட்டம். அந்தக் கதை மாதம் ஒரு அத்தியாயமாகப் போனிலேயே வரும், ஆனால் இவர்கள் புத்தகமாக வரும்வரை காத்திருப்பார்கள். காத்திருப்பதிலும் ஒரு சுகம் இருந்தது. பாத்திரம் துலக்கும்போது மருமகள், "இந்நேரம் நெட்டை என்ன பண்ணிட்டிருப்பான் அத்தை?" என்பாள். "ஸ்க்ரூவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுட்டிருப்பான்," என்பார் இவர்.

சிஸ்டரம்மாவின் கணவர் தங்கமான மனுஷன். போய்ச் சேர்ந்துவிட்டார். உயிரோடு இருந்தவரை ஒரு சுடுசொல் கிடையாது. சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கதவைத் தாழ் போட்டாச்சா என்று மூன்று கேள்வியில் ஒரு முழு இல்லறத்தை நடத்தி முடித்தவர். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் கண்ணாடி நெட்டையைப் பார்க்கிற மாதிரி யாரும் தன்னை இரண்டு பக்கத்துக்கு முழுசாகப் பார்த்ததில்லை என்பது சிஸ்டரம்மாவுக்கு அந்தச் சோபாவில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

பார்த்தவள் மருமகள்தான். அவளுக்குப் பல் செய்கிற லேபில் வேலை. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் செதுக்கி, வார்த்து, தேய்த்துப் பல்லாக்கி அனுப்புவாள். சிஸ்டரம்மாவின் மேல் வரிசை முன் பல் மூன்று விழுந்தபோது, "யாரும் தொடக்கூடாது, நான்தான் செய்வேன்," என்று நின்றாள். பழைய போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் செட்டைக் கொண்டுவந்து வாயில் மாட்டிவிட்டு, "சின்ன வயசுல உங்களுக்கு இந்த ஒரு பல் லேசா சாஞ்சிருந்திருக்கு அத்தை. அப்படியே சாய்ச்சு வெச்சுட்டேன். நேரா வெச்சா நீங்க மாதிரி இல்ல," என்றாள். சிஸ்டரம்மா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்படியிருந்த வீட்டில் மகனும் மருமகளும் பிரிந்தார்கள். தட்டு பறக்கவில்லை, கதவு அறைபடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது நடுவில் புகுந்து நியாயம் சொல்லியிருக்கலாம். இருவருக்கும் நடுவில் பேச்சு மெல்ல மெல்ல வற்றிப்போய், ஒருநாள் இருவரும் மரியாதையாக உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். "பேச ஒண்ணுமே இல்லம்மா எங்களுக்குள்ள," என்றான் மகன். பக்கத்து அறையில் அவளோடு பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்ட சிஸ்டரம்மாவுக்கு அது எந்த நாட்டு நியாயம் என்று விளங்கவில்லை.

மருமகள் துணிமணியை எடுத்துக்கொண்டாள். செருப்பு அலமாரிமேல் எப்போதும் கிடக்கும் மெழுகுக் கத்திகளின் தோல்பையை எடுத்துக்கொண்டாள். புத்தகங்களை விட்டுவிட்டாள். "அது உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை," என்றாள். வாசலில் சிஸ்டரம்மாவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. வாய் திறந்தால் பழக்கதோஷம் வந்து முந்திக்கொண்டது. "மருந்தெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பிடு. தண்ணி நிறையக் குடி," என்றார், டிஸ்சார்ஜ் ஆகிற நோயாளியிடம் சொல்வது மாதிரி. அவளுக்கு ஒரு மருந்தும் கிடையாது. "சரி அத்தை," என்று அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பிறகு சனிக்கிழமைகள் வந்தன. தயவுதாட்சண்யம் இல்லாமல் வாராவாரம் வந்தன. சிஸ்டரம்மா சோபாவின் இடது பாதியில் உட்கார்ந்து டீ குடிப்பார். வலது பாதி அப்படியே இருக்கும். போன் செய்யலாம். செய்து என்னவென்று சொல்வது? மகனை விட்டுப் போனவள், மகனின் அம்மாவுக்கு எதற்குப் பதில் சொல்லவேண்டும்? அவள் பாட்டுக்கு "சொல்லுங்க ஆன்ட்டி" என்று ஆரம்பித்துவிட்டால்? "மேடம்" என்றுவிட்டால்? அந்த ஒரு வார்த்தையைக் காதால் கேட்பதற்கு, போனை எடுக்காமலே இருக்கலாம்.

இந்த நிலையில்தான் பார்சல்.

"கொரியர்ல அவ லேபுக்கு அனுப்பிடலாமே," என்றான் மகன், மேஜையைச் சுற்றிப் போகிற அம்மாவைப் பார்த்துவிட்டு. "நானே போட்டுடறேன்."

"வேணாம் வேணாம். கொரியர்காரன் தூக்கிப் போடுவான், உடைஞ்சிடும்."

"புக்கு எப்படிம்மா உடையும்?"

அவன் கேட்டது நியாயம். புத்தகம் உடையாது. உடையக்கூடியது, உடைந்தால் மருமகளிடம்தான் போயாகவேண்டியது, இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சிஸ்டரம்மாவின் வாயில் இருந்தது.

மகன் ஆபீசுக்குக் கிளம்பியதும் சுத்தியலை எடுத்தார். செட்டைக் கழற்றிக் கழுவி, சமையல் மேடையில் துணி விரித்துக் கிடத்தினார். ஆபரேஷனுக்குப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. "மன்னிச்சுக்கோ," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒரு போடு போட்டார். ஒன்றும் ஆகவில்லை. மருமகள் வேலை, யானை ஏறி மிதித்தாலும் நிற்கும். இரண்டாவது அடி செட்டின்மேல் படாமல் மேடையில் விழுந்தது. செட்டு எகிறிக் குதித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது. துடைப்பக் குச்சியால் அதைக் கெஞ்சி வெளியே வரவழைத்து, மறுபடி கிடத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு (அதாவது மிச்சம் இருந்த பல்லை) மூன்றாவது அடி அடித்தார். நடுவில் இரண்டாகப் பிளந்தது. சிஸ்டரம்மா அதன் இரண்டு பாதியையும் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு, பார்சலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ராணுவம் கிளம்புவது போலப் பஸ் ஏறினார்.

லேப் மூன்றாம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட் நன்றாக வேலை செய்தது. சிஸ்டரம்மாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். கதவைத் தள்ளியதும் மெழுகு வாசனை. அலமாரி நிறைய ஊர்பேர் தெரியாதவர்களின் தாடைகள் பிளாஸ்டர் மாவுச்சிலைகளாக அடுக்கியிருந்தன. அத்தனையும் அவரைப் பார்த்து இளித்தன. ஜன்னலோர மேஜையில், தலையில் துணி கட்டி, சின்னத் தீயில் கத்தி முனையைச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள் அவள். மேஜை ஓரத்தில் அந்தத் தோல்பை விரிந்து கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

சில பக்கங்களில் ஒரே ஒரு பெரிய கட்டம் இருக்கும். பேச்சு இருக்காது, பின்னணி இருக்காது, இரண்டு முகம் மட்டும். அப்படி ஒரு கட்டம் அந்த லேபில் நின்றது. சிஸ்டரம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கூப்பிடு, எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுத் தொலை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அத்தை," என்றாள் அவள். "வாயில என்னாச்சு?"

சிஸ்டரம்மா பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஷெட்டு உடைஞ்ஷிடுஷ்ஷு," என்றார். முன் பல் இல்லாமல் வார்த்தையெல்லாம் காற்றாகப் போயிற்று.

அவள் இரண்டு துண்டையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"எப்படி உடைஞ்சது?"

"கீழ விழுந்துது."

"எங்கிருந்து?"

"கையிலேருந்துதான்."

"பதினோராவது மாடிலேருந்து விழுந்தாக்கூட இது இப்படி உடையாது அத்தை. இங்க பாருங்க, வட்டமா ஒரு தடம். சுத்தியல். மூணு தடவை அடிச்சிருப்பீங்க."

"ரெண்டுதான் பட்டுது," என்றார் சிஸ்டரம்மா. "ஒண்ணு குறி தப்பிடுச்சு."

அவள் சிரிக்க வாயைத் திறந்து, சிரிப்பு எங்கேயோ திசை மாறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையில் இறங்கினாள். துண்டுகளைப் பொருத்தி, இடுக்கில் ரோஸ் நிறப் பொடியைத் தூவிச் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டாள். சின்ன பிரஷர் குக்கர் மாதிரி ஒரு பாத்திரத்தில் வெந்நீருக்குள் வைத்து மூடியை முறுக்கினாள். "இது இறுகணும். கொஞ்ச நேரம் ஆகும்."

"ஆகட்டும்," என்று சிஸ்டரம்மா பார்சலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அதுக்குள்ள..."

அவள் பார்சலைப் பார்த்தாள். அதைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். சிஸ்டரம்மாவுக்கு வார்டு அனுபவம். முகத்தைப் பார்த்தே ரிசல்ட்டைச் சொல்லிவிடுவார். "படிச்சிட்ட," என்றார்.

"அத்தை..."

"போன்ல படிச்சிட்ட. என்னை விட்டுட்டு."

"கடைசி அத்தியாயம் மட்டும். வீட்டை விட்டு வந்த வாரம்." குரல் இறங்கிப்போயிற்று. "அந்த வாரம் என்னால ஒண்ணும் முடியல அத்தை. யாராவது ரெண்டு பேருக்காவது நல்லபடியா முடிஞ்சுதான்னு தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு. படிச்ச உடனே உங்ககிட்டதான் சொல்லணும்னு போனை எடுத்தேன். சட்டத்தை மீறினவ, எந்த மூஞ்சியோட கூப்பிடறது? அதுவும் இல்லாம, இனிமே உங்களைக் கூப்பிட எனக்கு என்ன..."

"உரிமையா?"

அவள் தலையாட்டினாள்.

கோபம் வந்தது சிஸ்டரம்மாவுக்கு. கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்று வராத கோபம். இத்தனை நாள் பார்சலுக்குக் காவல் இருந்து, நின்றுகொண்டே சாப்பிட்டு, சொந்தப் பல்லை அடித்து நொறுக்கிக்கொண்டு வந்தால், இந்த அம்மாள் அங்கே முடிவைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! எழுந்து போய்விடலாம்போல இருந்தது. பல் பாத்திரத்துக்குள் இருந்ததால் போக முடியவில்லை. அலமாரியிலிருந்த மாவுத் தாடைகளை ஒவ்வொன்றாக முறைத்தார். நாலைந்து தாடைகளை முறைத்து முடித்ததும், தனியாக ஒரு அறையில் ஒருத்தி போன் வெளிச்சத்தில் யாருக்காவது நல்லபடியாக முடிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தது கண்முன் வந்து நின்றது.

"சரி. அந்தக் கத்தியைக் குடு."

டேப்பைக் கிழித்தார். உள்ளே புத்தகம் பளபளவென்று இருந்தது. மருமகள் பழக்கத்தில் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வலது பக்கம் வந்து உட்கார்ந்து, வலது அட்டையைத் திறக்கப் போனாள். சிஸ்டரம்மா அவள் கையைத் தட்டிவிட்டார்.

"அந்தப் பக்கம் வேணாம். நான் முதல் தடவை எப்படிப் படிச்சேனோ அப்படி."

"அத்தை, அப்படித் திறந்தா முடிவு முதல்ல வந்துடும்!"

"வரட்டும். உனக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியட்டும், கணக்குத் தீர்ந்துபோகும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அங்கிருந்து பின்னாடி நடப்போம். உனக்கும் அப்படிப் புதுசு, எனக்கும் புதுசு."

இடது அட்டையைத் திறந்தார். கடைசிப் பக்கம். ஆள் யாரும் இல்லை. பதினோராம் மாடி வீட்டின் உள்வாசல் மட்டும். செருப்பு அலமாரி, அதன்மேல் சாவி, பக்கத்தில் நெட்டையின் டூல் பாக்ஸ். இத்தனை பாகமும் கதவுக்கு வெளியே கையில் தூக்கிப் பிடித்தே இருந்த டூல் பாக்ஸ், வீட்டுக்குள், தரையில், நிம்மதியாக.

சிஸ்டரம்மா அதையே பார்த்தார். தன் வீட்டுச் செருப்பு அலமாரிமேல் தோல்பை போய்க் காலியாக இருக்கும் இடம் ஞாபகம் வந்தது. துடைத்துத் துடைத்து அந்த இடம் இப்போதெல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

"இங்கயே தங்கிட்டான்," என்றார் மெதுவாக.

"ஆமா அத்தை."

"நல்லா இருக்கட்டும்."

அடுத்த பக்கம், அதாவது அதற்கு முந்தின பக்கம். கையைப் பிடித்திருந்தார்கள். அதற்கு முன்னால் பிடிக்கப் போனார்கள். கேள்விக்கு முன்னால் பதில் வந்தது. சிஸ்டரம்மா நெட்டையின் வசனத்தைப் பல் இல்லாமல் காற்றடித்துக்கொண்டு முழங்கினார், "நான்... தினமும்... இங்க வரலாமா!" என்றதில் மேஜைத் தீ அணைந்தே போயிற்று. உள்ளறையிலிருந்து லேப் முதலாளி எட்டிப் பார்த்து, "யாரும்மா அது? கஸ்டமரா?" என்று கேட்டார். "சொந்தக்காரங்க சார்," என்றாள் அவள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொஞ்சம் பக்கம்தான் போயிருக்கும். பாத்திரம் கிளிக்கென்று நேரம் முடிந்ததாகச் சொல்லிவிட்டது. அவள் செட்டை எடுத்து, தேய்த்து, மெருகேற்றி, கழுவிக் கொண்டுவந்து சிஸ்டரம்மாவின் வாயில் பொருத்தினாள். நாக்கால் தடவிப் பார்த்தார். கச்சிதம். சாய்ந்த பல் சாய்ந்தபடியே அதே இடத்தில் இருந்தது. உடைந்த சுவடே தெரியவில்லை. எழுந்து போவதற்கு இனி ஒரு தடையும் இல்லை. சிஸ்டரம்மா ஸ்டூலை விட்டு எழவில்லை.

அவள் தாடையை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"சரியில்ல அத்தை."

"என்ன சரியில்ல?"

"இந்த ஒரு பல்லு. லேசா ஆடுது. நான் இன்னும் கொஞ்சம் பார்க்கணும். செட்டு இங்க இருக்கட்டும், அடுத்த சனிக்கிழமை வாங்க."

சிஸ்டரம்மா நாக்கால் அந்தப் பல்லை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மும்முரமாக மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தது.

"ஆமா," என்றார் சிஸ்டரம்மா. "பேசும்போது ஆடத்தான் செய்யுது." கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். புத்தகத்தை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "பல்லு உன்கிட்ட, புத்தகம் என்கிட்ட. நானும் திறக்க மாட்டேன், நீயும் இதைச் சீக்கிரம் முடிச்சுத் தொலைச்சிடாத."

சாயங்காலம் மகன் வந்தபோது அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேஜை காலியாக இருந்தது. அவன் அம்மாவின் வாயைப் பார்த்தான்.

"பல் செட் எங்கம்மா?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

அவன் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான். மாட்டின கையை எடுக்காமல் நின்றான். "எப்படி இருக்கா?"

"இளைச்சிருக்கா. வேலை நிறைய."

"ம்," என்றான். கொஞ்சம் கழித்து, "எப்ப சரியாகுமாம்?" என்றான், பல்லைத்தான் கேட்டான்.

சிஸ்டரம்மா ரொட்டியின் கடைசித் துண்டைப் பாலில் அமுக்கி, அது மெத்தென்று ஊறும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"இழுக்கும்டா," என்றார். "ஒரு பல்லு மட்டும் உக்காரவே மாட்டேங்குதாம்."